மூட்டு மாற்று ஆபரேஷனுக்கு நூறு மார்க், வார்டு ஃபெயில்

மதுரையில் ஒரு நடுத்தரத் தனியார் மருத்துவமனை, எலும்பு வார்டு, இரண்டு கட்டில் போட்ட அறை. ஒரு பக்க முழங்கால் மாற்று.

தியேட்டர் வரைக்கும் குறை சொல்ல ஒன்றுமில்லை. முதுகில் ஊசி போட்டு மரத்துப்போக வைத்து, தொடையில் நரம்பு பிளாக்கும் (காலின் வலி தெரியாமல் நரம்பை மரத்துப்போக வைக்கும் ஊசி) கொடுத்தார்கள். எக்ஸ்ரேயில் மூட்டு நேராக உட்கார்ந்திருக்கிறது, தையலும் சுத்தம். கோளாறெல்லாம் வார்டுக்கு வந்த பிறகுதான், அதுவும் ராத்திரியில்.

நரம்பு பிளாக் பெரும்பாலும் 12 முதல் 24 மணி நேரத்துக்குள் இறங்கிவிடும். பகலில் நடந்த ஆபரேஷன் என்றால் அது இறங்குவது நடுராத்திரியிலோ விடியற்காலையிலோ. இறங்குவதற்கு முன்பே வலி மருந்து உடம்பில் ஏறியிருக்க வேண்டும். கேஸ் ஷீட்டில் சரியாகத்தான் எழுதியிருந்தது: பாராசிட்டமால் 1 கிராம், 6 மணி நேரத்துக்கு ஒரு தடவை. ஆனால் வார்டில் நடப்பது "வலிச்சா சொல்லுங்க" வைத்தியம். ஷிஃப்ட் மாறும் நேரத்தில் வந்த இரவு டோஸ் விட்டுப்போனது. வலி உச்சிக்கு ஏறிய பிறகு டிரமடால் என்ற வீரியமான வலி மருந்தை ஏற்றினார்கள்; அது வாந்தியைக் கொண்டுவந்தது, அடுத்தடுத்த நாட்களில் மலச்சிக்கலையும். காலையில் பிசியோ வந்து காலைத் தூக்கச் சொன்னபோது நோயாளியிடம் அதற்குத் தெம்பே இல்லை. முதல் நாளே வாக்கர் பிடித்து நான்கு அடி வைத்திருக்க வேண்டியவர் கட்டிலிலேயே கிடந்தார். ஒரு மாத்திரை தவறியதற்கு ஒரு நாள் நடை போச்சு.

சிஸ்டரைக் கூப்பிடும் பெல்லை அழுத்தினால் ஆள் வர இருபது நிமிடம். அந்த பட்டனும் சுவரோரம் கட்டிலுக்குப் பின்னால் தொங்குகிறது. மல்லாந்து படுத்தவருக்கு எட்டாது.

கட்டிலின் கால்மாட்டில் தொங்கிய சார்ட் தனி வேடிக்கை. நாடி 80, மூச்சு 18, காய்ச்சல் 98.4, எல்லாக் கட்டத்திலும் அதே எண்கள், ஒரே பேனா, ஒரே சாய்வு. வலியில் துடித்த அதிகாலை 2 மணிக்கும் நாடி 80தானாம்! விடியற்காலையில் உட்கார்ந்து மொத்தமாக நிரப்பிய சார்ட் அது. ஆபரேஷனுக்குப் பின் ரத்தக்கசிவோ கிருமித் தொற்றோ வந்தால் பல சமயம் முதலில் காட்டிக்கொடுப்பது நாடியும் காய்ச்சலும்தான். அதை எழுதாமல் விடுவதைவிடப் பொய்யாக எழுதுவது மோசம்.

முழங்காலுக்கு அடியில் தலையணை வைத்துவிட்டுப் போனார் அட்டெண்டர். பாசம்தான், ஆனால் தப்பு. மூட்டு மடங்கியே கிடந்தால் அப்படியே இறுகி, கால் முழுசாக நீளாது. நடையில் விந்தல் தங்கிவிடும். துண்டைச் சுருட்டிக் குதிகாலுக்கு அடியில் கொடுத்து, முழங்காலைத் தொங்கலாக விட வேண்டும். ரவுண்ட்ஸ் வந்த யாரும் அந்தத் தலையணையை எடுக்கவில்லை. ரத்தம் உறையாமல் இருக்க வயிற்றில் போடும் ஊசி மட்டும் தவறாமல் வந்தது, அதைச் சொல்லியாக வேண்டும். பாதத்தை மேலும் கீழும் அசைக்கும் பயிற்சியை யாரும் சொல்லித்தரவில்லை. வென்ஃப்ளான் (மருந்து ஏற்ற நரம்பில் செருகும் சின்னக் குழாய்) போட்ட இடம் சிவந்து வீங்கிய பிறகும் அதே வழியாக மருந்து ஏற்றினார்கள். பாத்ரூமில் கம்மோடு தாழ்வு, பிடித்து எழக் கம்பி கிடையாது. எலும்பு வார்டில்!

டிஸ்சார்ஜ் அன்று டாக்டர் காலையிலேயே கையெழுத்துப் போட்டுவிட்டார். மருத்துவமனை டிஸ்சார்ஜ் கோரிக்கை அனுப்பிய 3 மணி நேரத்துக்குள் இன்சூரன்ஸ் கம்பெனி ஒப்புதல் தர வேண்டும் என்பது 2024இல் வந்த விதி. பில்லிங் கவுண்டர் கோரிக்கையை அனுப்பியதே மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு என்றால் விதி என்ன செய்யும்? டிஸ்சார்ஜ் சம்மரியில் இம்ப்ளான்ட் (உள்ளே வைத்த செயற்கை மூட்டு) ஸ்டிக்கரும் இல்லை. கம்பெனி, அளவு, பேட்ச் எண் எல்லாம் அதில்தான் இருக்கும். பிற்காலத்தில் மூட்டைத் திறக்க நேர்ந்தால் முதலில் கேட்பது அதைத்தான். கேட்டு, சண்டை போட்டு ஒட்ட வைக்க வேண்டியிருந்தது. 2017இலிருந்து முழங்கால் இம்ப்ளான்ட்டுக்கு அரசு விலை உச்சவரம்பு இருப்பதால், பில்லில் அதன் விலை தனியாக இருக்கிறதா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள்.

டாக்டருக்காக இங்கே போகிறவர்கள், அவர் வேறு எந்த ஆஸ்பத்திரியில் ஆபரேஷன் செய்கிறார் என்று விசாரியுங்கள். அங்கே ராத்திரி ஷிஃப்டில் எத்தனை படுக்கைக்கு ஒரு சிஸ்டர் என்று கேட்டுவிட்டு அட்வான்ஸ் கட்டுங்கள்.