ரஸ்ட்டில் கம்பைலர் எரர் வேறு, லிங்கர் எரர் வேறு

ரஸ்ட் என்ற புரோகிராமிங் மொழியில் நாள்பட வேலை செய்தால் ஒன்று பிடிபடும்: திரையில் சிவப்பாக வருவதெல்லாம் ஒரே ரகம் இல்லை. நம் கோடைச் சரிபார்த்து மெஷின் மொழிக்கு மாற்றுவது கம்பைலர். அப்படி மாறிய துண்டுகளையும் லைப்ரரிகளையும் ஒரே புரோகிராமாகக் கோப்பது லிங்கர். ஈ0382 மாதிரி எண்ணோடு வந்தால் கோளாறு பெரும்பாலும் நம் கோடில். ‘லிங்கிங் வித் சிசி ஃபெயில்டு’ என்று வந்தால் அது லிங்கர் எரர், உடனே கோடைத் தொடாதீர்கள். பெரும்பாலும் மெஷினில் ஏதோ ஒன்று இல்லை.

கம்பைலர் எரர்களில் பயப்பட அதிகமில்லை. எத்தனை வந்தாலும் முதலாவதைச் சரிசெய்துவிட்டு மறுபடி ஓட்டுங்கள், பாதி தானாகப் போய்விடும். ஈ0308 வந்தால் ஃபங்ஷனின் கடைசி வரியைப் பாருங்கள். அங்கே செமிகோலன் இருந்தால் மதிப்பு திரும்பாது, வெற்று அடைப்புக்குறிதான், அதாவது ‘ஒன்றுமில்லை’ என்ற மதிப்புதான் திரும்பும். ஈ0382 என்றால் ஒரு ஸ்ட்ரிங்கை வேறொருவரிடம் கொடுத்துவிட்டு மறுபடி தேடுகிறீர்கள். ஆம்பர்சாண்ட் போட்டுக் கடனாகக் கொடுங்கள். எடுத்ததற்கெல்லாம் க்ளோன் போட்டு நகலெடுப்பது கம்பைலரின் வாயை அடைக்கத்தான் உதவும்.

லிங்கர் இவ்வளவு இதமாகப் பேசாது. ‘லிங்கர் சிசி நாட் ஃபவுண்ட்’ என்றால், உபுண்டுவில் பில்ட்-எசென்ஷியல் பேக்கேஜைப் போட்டால் முடிந்தது. சிசி என்பது சி கம்பைலர், லிங்க் செய்யும் கடைசிக் கட்டத்தில் ரஸ்ட் அங்கே அதைத்தான் கூப்பிடுகிறது. விண்டோஸில் ‘லிங்க்.எக்ஸ்இ’ இல்லை என்று வந்தால் விஷுவல் ஸ்டுடியோ பில்ட் டூல்ஸில் ‘டெஸ்க்டாப் டெவலப்மென்ட் வித் சி++’ வேண்டும். விஎஸ் கோட் எடிட்டர் இருந்தால் போதும் என்று நினைப்பவர்கள் ஏராளம். போதாது என்று எரரே சொல்கிறது, யாரும் அதுவரை படிப்பதில்லை.

அதிகம் குழப்புவது ‘கேனாட் ஃபைண்ட் -எல்எஸ்க்யூலைட்3’. எஸ்க்யூலைட் என்ற டேட்டாபேஸ் லைப்ரரி கிடைக்கவில்லை என்று பொருள். அதுதான் ஏற்கெனவே இருக்கிறதே என்பீர்கள். இருப்பது ‘லிப்எஸ்க்யூலைட்3.எஸ்ஓ.0’, புரோகிராம் ஓடும்போது தேவைப்படுவது. லிங்கர் தேடுவது வாலில் அந்த 0 இல்லாத ஃபைலை. அது ‘-டெவ்’ என்று முடியும் பேக்கேஜில்தான் வரும். ஆகவே ‘லிப்எஸ்க்யூலைட்3-டெவ்’ போடுங்கள். அல்லது ரஸ்ட்டிலிருந்து எஸ்க்யூலைட்டைப் பயன்படுத்த உதவும் ரஸ்க்யூலைட்டில் ‘பண்டில்டு’ ஃபீச்சரைச் சேர்த்தால் எஸ்க்யூலைட்டின் சோர்ஸையே கம்பைல் செய்துகொள்ளும். முதல் பில்டுக்கு மட்டும் நேரம் இழுக்கும்.

எது எந்த ரகம் என்று சந்தேகமா? ரஸ்ட்டின் பில்டு கருவியான கார்கோவில் ‘கார்கோ செக்’ ஓட்டுங்கள். அது உங்கள் புரோகிராமை லிங்க் செய்யாது. அது தேறி ‘கார்கோ பில்டு’ விழுந்தால் லிங்கர் பக்கம் தேடலாம். ஆனால் செர்டே டிரைவ் மாதிரி ப்ரொசீஜரல் மேக்ரோ (கம்பைல் நேரத்திலேயே ஓடி கோடை உருவாக்கித் தருவது) உள்ள கிரேட், அதாவது ரஸ்ட் பேக்கேஜ், இருந்தால் செக்கிலேயே லிங்கர் தேவைப்படும்.

விண்டோஸில் ‘ஆக்சஸ் இஸ் டினைடு, ஓஎஸ் எரர் 5’ வந்தால் இத்தனையும் வேண்டாம். முந்தைய எக்ஸ்இ இன்னும் ஓடிக்கொண்டிருக்கலாம், டாஸ்க் மேனேஜரில் மூடிவிட்டு மறுபடி பில்டு கொடுங்கள்.