புது மண்டபத்துத் தையல்காரரைத் தேடி

டல்லாஸிலிருந்து கிளம்பும்போதே முடிவு செய்திருந்தேன்: மகளுக்குப் பட்டுப்பாவாடை தைத்தால் மதுரை புது மண்டபத்தில்தான். எனக்கு என் அம்மா அங்கேதான் தைத்துக் கொடுத்தார். மீனாட்சியம்மன் கோவில் கிழக்குக் கோபுரத்துக்கு எதிரே, திருமலை நாயக்கர் வசந்த விழாவுக்காகக் கட்டிய மண்டபம். தூணுக்குத் தூண் ஒரு தையல் மெஷின் ஓடும். துணியை வாங்கிக் கொடுத்து, கோவிலுக்குப் போய்விட்டு வந்தால் பாவாடை தயார்.

இந்த ஜனவரியில் போனால் மெஷின் சத்தமே இல்லை. 2018 பிப்ரவரியில் கோவிலின் வீரவசந்தராயர் மண்டபத்தில் தீப்பிடித்த பிறகு கோவிலுக்குள் இருந்த கடைகளை எடுத்தார்கள். அப்புறம் புது மண்டபத்துக் கடைகளையும் பக்கத்தில் உள்ள குன்னத்தூர் சத்திரத்துக்கு மாற்றிவிட்டார்கள். சிற்பங்களுக்கு இது நல்லதுதான். எத்தனை வருட எண்ணெய்ப்பிசுக்கும் ஆணியும் அந்தத் தூண்களில்! ஆனால் கோவிலிலிருந்து வெளியே வருகிற கூட்டம் முன்பு தானாகக் கடைக்குள் வந்துவிடும். இப்போது கடையைத் தேடிப் போக வேண்டியிருக்கிறது.

எழுகடல் தெரு வழியாகத்தான் நடந்தோம். மீனாட்சியின் தாய் காஞ்சனமாலை நீராட ஏழு கடலையும் சிவன் வரவழைத்ததாகத் திருவிளையாடல் கதை உண்டே, அந்தப் பெயர். இப்போது அங்கே பித்தளைக் குத்துவிளக்கு, கண்ணாடி வளையல், ரிப்பன் என்று கடைக்குமேல் கடை. விலை கேட்டுவிட்டு வாங்காமல் நகர்ந்தாலும் யாரும் முகம் சுளிக்கவில்லை. ஒரு கடையில் மட்டும், மகள் பேசுவதைக் கேட்டதும் வளையல் விலை இரண்டு மடங்காகிவிட்டது. பேசாமல் வெளியே வந்துவிட்டேன்.

சத்திரத்தில் புத்தகக் கடைகளைத் தாண்டிப் போனால் தையல் பகுதி. மெஷின் சத்தம் காதில் விழுந்ததும் கண் கலங்கிவிட்டது. அறுபதைத் தாண்டிய பாய் ஒருவர், இன்ச் டேப்பைக் கழுத்தில் போட்டபடி, "வாங்கம்மா, பாவாடையா, தாவணி பிளவுஸா?" என்றார். மகளை நிற்க வைத்து அளவெடுத்தவர், "பிள்ளை இன்னும் வளரும். ரெண்டு இஞ்சு உள்ள மடிச்சுத் தைக்கிறேன், பிரிச்சு விட்டுக்கங்க" என்றார். சொன்னபடியே கீழ்க்கரையில் இரண்டு இஞ்சு மடிப்பு, சரிகைக்குப் பக்கத்தில் நூல் தெரியாமல். அமெரிக்காவில் ஆல்டரேஷனுக்குக் கொடுத்தால் வெட்டிவிடுவார்கள், மடிக்க மாட்டார்கள்.

அவர் பின்னால் சிவப்பு வெல்வெட்டில் ஒரு சல்லடம் தொங்கியது. சித்திரைத் திருவிழாவில் கள்ளழகர் மீது தண்ணீர் பீய்ச்ச நேர்ந்துகொண்டவர்கள் போடுவது. "எங்க அத்தா காலத்துல இருந்து நாங்கதான்மா தைக்கிறோம்" என்றார். அழகர் வைகையில் இறங்கும் விழாவுக்கு வேஷ உடுப்பு முஸ்லிம் தையல்காரர்கள் கையால் தயாராவது மதுரைக்காரர்களுக்குப் புதிதில்லை. என் மகளுக்குப் புதிது. அந்தச் சல்லடத்தைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தாள்.

மறுநாள் சாயங்காலம் வாங்க வரச் சொன்னார். சொன்ன நேரத்துக்குப் பாவாடை மடித்து வைத்திருந்தது. வெளியே தள்ளுவண்டியில் பருத்திப்பால் வாங்கிக் குடித்தோம். பருத்திக்கொட்டையை ஆட்டிப் பாலெடுத்து, கருப்பட்டியும் சுக்கும் போட்டுக் காய்ச்சியது. முதல் வாய்க்கு மகள் யோசித்தாள், அப்புறம் என்னுடையதையும் கேட்டாள்.

போகிறவர்களுக்கு: எங்களைப் போல் இந்திய போன் நம்பர் இல்லாதவர்கள் ரொக்கமாக எடுத்துப் போங்கள். அளவு ரவிக்கை ஒன்றும் இருக்கட்டும். சித்திரை நெருங்கினால் அழகர் உடுப்பு வேலை குவிந்துவிடும். உங்கள் துணிக்கு நான்கைந்து நாளாவது கொடுங்கள். புது மண்டபம் காலியாகக் கிடப்பதைப் பார்த்துத் திரும்பிவிடாதீர்கள். பாய் சாயங்காலம் வரை குன்னத்தூர் சத்திரத்தில் மெஷினில்தான் இருக்கிறார்.