தானாக உள்ளே போகும் இன்சுலின் ஊசி: பாதுகாப்பு நன்று, அளவில் கவனம் வேண்டும்

அம்மாவுக்குக் காலையும் இரவும் இன்சுலின் போடுவது நான்தான். போட்டு முடித்த ஊசி குப்பையோடு போய் தூய்மைப் பணியாளர் யாருடைய கையிலாவது குத்திவிடுமோ என்ற பயம் எப்போதும் உண்டு, அதனால்தான் இந்தப் பாதுகாப்பு சிரிஞ்சை வாங்கினேன். அந்த விஷயத்தில் முழு மார்க். மருந்து இறங்கியபின் இன்னும் கொஞ்சம் அழுத்தினால் 'டக்' என்று ஸ்பிரிங் ஊசியை உள்ளே இழுத்துக்கொள்கிறது, திரும்ப வெளியே வராது.

மருந்தை எடுக்கும்போதுதான் நிதானம் தேவை. பாட்டிலுக்குள் முதலில் காற்றைத் தள்ளுவோம் இல்லையா, பூஜ்யம் வந்ததும் கையை நிறுத்திவிட வேண்டும். மேலும் அழுத்தினால் அங்கேயே ஊசி உள்ளே போய் சிரிஞ்சு வீண். நான் வாங்கியதில் காற்றுக் குமிழியும் அதிகம், ஊசியின் அடிப்பக்கம் போய் ஒட்டிக்கொண்டு தட்டினாலும் லேசில் வருவதில்லை. தோலுக்கடியில் அந்தக் காற்று போவதால் ஆபத்தில்லை, ஆனால் அது இருக்கிற இடத்தில் மருந்து இருக்காதே! யூ-100 மருந்தில், அதாவது ஒரு மில்லிக்கு 100 யூனிட் உள்ள இன்சுலினில், ஒரு யூனிட் என்பதே 0.01 மில்லிதான், சின்னக் குமிழி ஒன்றிரண்டு யூனிட்டை விழுங்கிவிடும். அதனால் இரண்டு மூன்று யூனிட் கூடுதலாக இழுத்து, தட்டி, மிச்சத்தைப் பாட்டிலுக்கே திருப்பித் தள்ளிவிட்டு, ரப்பரின் ஊசிப் பக்க விளிம்பு சரியாகக் கோட்டில் நிற்கிறதா என்று கண்ணுக்கு நேராக வைத்துப் பார்க்கிறேன். இயல்பிலேயே கலங்கலாக இருக்கும் இன்சுலின் வகை என்றால் பாட்டிலை உள்ளங்கையில் உருட்டுங்கள், குலுக்கினால் நுரைத்துவிடும்.

அப்புறம் முக்கியமான ஒன்று. எனக்குக் கிடைத்தது யூ-100 சிரிஞ்சு, ஆரஞ்சு மூடி. நம் மருந்துக் கடைகளில் யூ-40 (மில்லிக்கு 40 யூனிட்) பாட்டில்களும் விற்கிறார்கள், அதற்குச் சிவப்பு மூடி சிரிஞ்சுதான். யூ-40 மருந்தை இதில் 20 கோடு வரை எடுத்தால் உள்ளே போவது வெறும் 8 யூனிட். தலைகீழாக, யூ-100 மருந்தைச் சிவப்பு மூடி சிரிஞ்சில் 20 கோடு வரை எடுத்தால் 50 யூனிட் போய்விடும், உயிருக்கே ஆபத்து. பாட்டில் லேபிளைப் படிக்காமல் ஆர்டர் போடாதீர்கள்.

சாதாரண சிரிஞ்சைவிட விலை கூடத்தான். அம்மாவுக்கு இருபது யூனிட்டுக்கு மேல் என்பதால் எங்களுக்குச் சரிப்படுகிறது. குழந்தைகளுக்கு மூன்று, நாலு யூனிட் போடுகிறவர்களுக்கு இதைச் சொல்லமாட்டேன், அவர்களுக்கு அரை யூனிட் கோடு போட்ட 0.3 மில்லி சிரிஞ்சுதான் நல்லது.