ஃபிளாஷ் படங்களுக்கு டார்க்டேபிள்: நிழலும் நிறமும்

டார்க்டேபிள் 2009 முதல் வெளிவந்துகொண்டிருக்கும் இலவச, திறந்த மூல ஒளிப்படத் திருத்த மென்பொருள். அதில் என்னென்ன வசதிகள் உள்ளன என்று முழுவதும் சொல்ல முற்படாமல், அறைக்குள் ஃபிளாஷ் போட்டு எடுத்த ரா கோப்புகளை (கேமரா பதிவு செய்ததை அப்படியே வைத்திருக்கும் கோப்புகளை) திருத்துவதற்கு அது எவ்வளவு கைகொடுக்கிறது என்பதை மட்டும் இங்கே பார்க்கிறேன்.

ஃபிளாஷின் ஒளி தூரத்தின் வர்க்கத்துக்கு எதிர்விகிதத்தில் குறைவதால், 1 மீட்டர் தள்ளி நிற்பவரின் முகத்தில் விழும் ஒளியில் 16-ல் ஒரு பங்குதான் 4 மீட்டர் தள்ளியுள்ள சுவரைச் சென்றடைகிறது. அதாவது 4 ஸ்டாப் குறைவு (ஒளி பாதியாகக் குறைவது ஒரு ஸ்டாப்). அந்தச் சுவரில் நம் கண்ணுக்குத் தெரிவது பெரும்பாலும் அறையில் எரியும் விளக்கின் ஒளியே. ஒளியின் நிறத்தைக் குறிக்கும் கெல்வின் அளவில் ஃபிளாஷ் ஏறத்தாழ 5500, குண்டு பல்பு ஏறத்தாழ 2800 என்பதால், முகத்துக்கு ஏற்ப ஒயிட் பேலன்ஸ் (வெள்ளை வெள்ளையாகத் தெரியச் செய்யும் நிற அமைப்பு) வைத்தால் சுவர் ஆரஞ்சாகிறது, சுவருக்கு ஏற்ப வைத்தால் முகம் நீலம் பூக்கிறது. நிழலைத் தூக்கும்போது, அதாவது இருண்ட பகுதிகளை வெளிச்சமாக்கும்போது, அதில் அடங்கிக் கிடந்த ஆரஞ்சும் சேர்ந்தே மேலே வருகிறது. ஆகவே நிழலையும் நிறத்தையும் தனித்தனி வேலைகளாகப் பிரித்துத் தரும் கருவி எதுவும் இத்தகைய படங்களுக்குப் போதாது என்பது என் கருத்து; டார்க்டேபிளை நான் விரும்புவதும் இதனால்தான்.

நிழலுக்கு நான் பயன்படுத்துவது டார்க்டேபிளில் உள்ள டோன் ஈக்வலைசர். இது கருமை முதல் வெண்மை வரையுள்ள 8 ஸ்டாப் வீச்சை 9 புள்ளிகளில் தனித்தனியே ஏற்றவும் இறக்கவும் இடம் தருகிறது. படத்தில் பின்னால் தொங்கிய கரும்பச்சைத் திரைச்சீலையின் மேல் மவுஸை வைத்துச் சக்கரத்தை உருட்டினேன். அதே அளவு இருண்ட பகுதிகள் மட்டும் எழுந்து வந்தன, துணியின் மடிப்புகள் தட்டையாகவில்லை. ஆனால் இதற்கு முன்பு, எந்தப் பகுதி எவ்வளவு இருண்டது என்று பிரித்துக் காட்டும் மாஸ்க்கைச் சரியாக அமைத்திருக்க வேண்டும். முதல் தடவை அதைப் பாராமல் விட்டதால், முன்னால் நின்றவரின் கருங்கூந்தலும் திரைச்சீலையோடு சேர்ந்து வெளுத்து, சாம்பல் பூசியது போல ஆகிவிட்டது. பிழை என்னுடையதுதான்.

நிறத்தைப் பொறுத்தவரை, 2020 இறுதியில் வந்த 3.4 பதிப்பில் சேர்க்கப்பட்ட, நிறத்தைச் சரிசெய்யும் கலர் கேலிபரேஷன்தான் இங்கே முக்கியம். இதைப் பயன்படுத்தும்போது ஒயிட் பேலன்ஸ் பகுதியைக் கேமரா ரெஃபரன்ஸ் என்ற நிலையில் விட்டுவிட வேண்டும். இரண்டிலும் திருத்தினால் மென்பொருளே எச்சரிக்கிறது. திருத்தம் முகத்துக்குள் மட்டும் நிற்கும்படி அதைச் சுற்றி ஒரு மாஸ்க் வரைந்து அதற்கு ஃபிளாஷின் நிறத்தைக் கொடுத்த பிறகு, கலர் கேலிபரேஷனையே இரண்டாவது தடவை திறந்து, முந்தைய மாஸ்க்கைத் தலைகீழாக்கிப் பின்னணிக்கு விளக்கின் நிறத்தைக் கொடுக்கலாம். மாஸ்க்கின் ஓரத்தை நன்றாக மென்மையாக்காவிட்டால் தோளைச் சுற்றி ஆரஞ்சு விளிம்பு ஒன்று தெரியும். பின்னணியை முழு வெள்ளைக்குக் கொண்டுவருவதும் தேவையில்லை. சிறிது மஞ்சள் இருந்தால்தான் அங்கே விளக்கு எரிந்தது என்பதைக் கண் நம்புகிறது. நான் பாதித் தூரம் போய் நிறுத்திக்கொள்கிறேன்.

இன்னொரு வசதி: எந்தத் திருத்தத்தை முதலில் செய்தாலும் மென்பொருள் தனக்குரிய வரிசையிலேயே கணக்கிடுகிறது. அதனால் நிழலைத் தூக்கிவிட்டு நிறத்துக்குப் போய், மீண்டும் நிழலுக்குத் திரும்பலாம். படத்தின் தரம் கெடுவதில்லை. மூலக் கோப்பும் அப்படியே இருக்கும், திருத்தங்கள் எக்ஸ்எம்பி என்ற தனிக் கோப்பில் சேமிக்கப்படுகின்றன.

கற்றுக்கொள்ளச் சில வாரங்கள் பிடிக்கும். ஒரே ஸ்லைடரில் முடிய வேண்டும் என்பவர்களுக்கு இது ஏற்றதன்று. ஜேபெக் கோப்பில் ஒரு நிறத்துக்கு 256 படிகளே இருப்பதால், நிழலை 2 ஸ்டாப் தூக்கினாலே நிறம் பட்டை பட்டையாகப் பிரியக்கூடும். ரா கோப்பிலும் நிழலோடு இரைச்சல் (பொடிப்பொடியான புள்ளிகள்) எழும் என்பதால் அதைக் குறைக்கும் டீநாய்ஸ் பகுதியை இயக்கியே ஆக வேண்டும். முகத்துக்குப் பின்னால் சுவரில் கத்தியால் வெட்டியது போல விழும் ஃபிளாஷ் நிழலை மட்டும் இந்தக் கருவிகளால் போக்க முடியவில்லை. அதைத் தூக்கினால் கருநிழல் சாம்பல் நிழலாகிறதே தவிர, விளிம்பு அப்படியே நிற்கிறது. அதற்கு ஃபிளாஷின் தலையை வெள்ளைக் கூரையை நோக்கித் திருப்பி எடுத்திருக்க வேண்டும்.