பதில் எங்கே தங்குகிறது? அரசுப் பள்ளி ஆசிரியர்களுக்கு வாட்ஸ்அப், டெலிகிராம், திக்ஷா

குவிலென்சின் மேல்பாதியைக் கறுப்புத் தாளால் மூடினால் பிம்பத்தில் பாதி மறைந்துவிடுமா? பத்தாம் வகுப்பில் ஒளியியல் நடத்துகிறவர்களுக்கு இந்தக் கேள்வி என்றைக்காவது வரும். பிம்பம் முழுதாகத்தான் தெரியும். வெளிச்சம் மட்டும் குறையும். பொருளின் ஒவ்வொரு புள்ளியிலிருந்து வரும் ஒளியும் லென்சு முழுக்க விழுகிறது. அதனால் மிச்சமிருக்கும் பாதியே முழுப் பிம்பத்தையும் உருவாக்கப் போதும். கதிர்ப்படத்தில் இரண்டே இரண்டு கதிர்களை வரைந்து பழகிய பிள்ளைகளுக்கு இதை நம்ப வைப்பதுதான் கஷ்டம். எப்படி விளக்குவது என்று சக ஆசிரியர்களிடம் கேட்டே ஆக வேண்டிய இடம் இது.

சரி, எங்கே கேட்பது? நம் கையில் இருக்கும் வழிகளை இரண்டு விஷயங்களை வைத்து எடைபோடுகிறேன். ஒன்று, கூச்சமில்லாமல் கேட்க முடிகிறதா. இன்னொன்று, கிடைத்த பதில் அடுத்த ஆண்டு வேறொரு பள்ளியில் அதே பாடம் எடுப்பவர் கைக்குப் போய்ச் சேருமா.

வேகத்தில் வாட்ஸ்அப்பை மிஞ்ச ஆளில்லை. எல்லோர் போனிலும் இருக்கிறது, யாருக்கும் சொல்லிக்கொடுக்க வேண்டாம். சாயங்காலம் லென்சுக் கேள்வியைப் போட்டால், ஒருவர் கண்ணாடிக் கடையில் வாங்கிய லென்சும் மெழுகுவத்தியும் வைத்து வீட்டிலேயே செய்து பார்த்து, ராத்திரிக்குள் வீடியோ அனுப்பிவிடுவார். எந்தப் பயிற்சி ஏட்டிலும் கிடைக்காத உதவி அது.

ஆனால் வாட்ஸ்அப் குரூப் என்றாலே ஒரே ரகம் இல்லை. தலைமையாசிரியரும் அதிகாரிகளும் இருக்கும் குரூப்பில் எமிஸ் (பள்ளி, மாணவர் விவரங்களை ஏற்றும் அரசு இணையதளம்) பதிவு, விவரப் படிவம், 'உடனே அனுப்பவும்', அதற்குக் கீழே வரிசையாக 'சரிங்க சார்', 'நன்றி மேடம்'. அது நிர்வாகத்துக்குத் தேவைதான். அங்கே போய் 'மோல் கணக்கு நடத்தினால் பாதி வகுப்பு முழிக்கிறது, நீங்கள் எப்படித் தொடங்குகிறீர்கள்?' என்று யாரும் எழுத மாட்டார்கள். தன் வகுப்பில் ஒரு பாடம் ஏறவில்லை என்பதை மேலதிகாரி படிக்கும் இடத்தில் எழுத யாருக்கு மனம் வரும்? பக்கத்துப் பள்ளி ஆசிரியர்கள் ஒன்றுகூடும் குறுவள மையக் கூட்டங்களில் முகம் பார்த்துப் பழகிய அறிவியல் ஆசிரியர்கள் பத்துப் பதினைந்து பேர் மட்டும் இருக்கும் சின்னக் குரூப்பில் அதே கேள்வி சகஜமாக வரும். 2022 நவம்பரிலிருந்து ஒரு குரூப்பில் 1024 பேர் வரை சேர்க்கலாம். கற்றலுக்கு அந்தப் பெரிய எண்ணால் எந்தப் பயனும் இல்லை என்பது என் கருத்து. ஆள் கூடக் கூட, கேட்கிறவர்கள் குறைந்து ஃபார்வர்டு செய்கிறவர்கள்தான் பெருகுகிறார்கள்.

அப்புறம், வாட்ஸ்அப்பில் எதுவும் தங்குவதில்லை. அந்த மெழுகுவத்தி வீடியோ இரண்டு நாளில் காலை வணக்கங்களுக்கு அடியில் போய்விடும். போன் நிரம்பினால் முதலில் அழிவது இத்தகைய வீடியோக்கள்தான். இடமாறுதலில் புதிதாக வருகிறவரைச் சேர்த்தால், அதற்கு முன் பேசியதெல்லாம் அவருக்குத் தானாக வந்துவிடாது. அவர் முதலிலிருந்து கேட்பார். பழையவர்கள் 'இதைத்தான் போன வருஷமே பேசினோமே' என்று சலித்துக்கொள்வார்கள்.

இந்த இடத்தில் டெலிகிராம் தெளிவாக முந்துகிறது. உரையாடல் போனில் இல்லாமல் அவர்களுடைய சர்வரில் இருப்பதால், போனை மாற்றினாலும் போகாது. குரூப்பில் பழைய பதிவுகளைக் காட்டும்படி அட்மின் வைத்திருந்தால், புதிதாக வருகிறவரும் ஆரம்பத்திலிருந்து படிக்கலாம். ஒளியியல், மின்னோட்டவியல், அணுக்களும் மூலக்கூறுகளும் என்று ஒரே குரூப்புக்குள் தலைப்புகளைப் பிரித்துக்கொள்ளும் வசதி 2022 இறுதியில் வந்தது. பெண் ஆசிரியர்களுக்கு இன்னொரு நிம்மதி: கைபேசி எண்ணை மற்ற உறுப்பினர்களுக்குத் தெரியாமல் மறைத்து வைக்கலாம். வாட்ஸ்அப் குரூப்பில் எண் எல்லோருக்கும் தெரிந்தபடி கிடக்கும். வேண்டாத நேரத்தில் வரும் அழைப்புகளுக்குப் பயந்தே குரூப்பில் வாய் திறக்காத ஆசிரியைகள் உண்டு.

டெலிகிராமின் குறையையும் சொல்லியாக வேண்டும். தினமும் திறந்து பார்க்கும் பழக்கம் பலருக்கு இல்லாததால் பதில் தாமதமாகத்தான் வரும். வாட்ஸ்அப்பில் இருப்பதுபோல் இருமுனை மறையாக்கம் (அனுப்புகிறவரும் பெறுகிறவரும் தவிர வேறு யாரும் படிக்க முடியாத பாதுகாப்பு) இங்கே குரூப் உரையாடல்களுக்குக் கிடையாது. தேர்வுக்கு முந்தைய வினாத்தாளை அங்கே போடவே கூடாது. மாணவர்களின் முகம் தெரியும் படங்களையோ எந்தக் குரூப்பிலும் போட வேண்டாம் என்பேன்.

திக்ஷா வேறு வகை. பாடங்களும் ஆசிரியர் பயிற்சிகளும் கிடைக்கும், 2017 செப்டம்பர் 5 அன்று தொடங்கப்பட்ட தேசிய இணையத் தளம். நம் பாடப்புத்தகங்களில் இருக்கும் கியூஆர் குறியீடுகளை ஸ்கேன் செய்யவும் இதன் செயலிதான். கொரோனா காலத்தில் 2020 அக்டோபரில் ஆசிரியர்களுக்கான தேசியப் பயிற்சியான நிஷ்தா இதில்தான் இணையவழிக்கு வந்தது. பாடம் ஒழுங்காக அடுக்கப்பட்டிருக்கும், சான்றிதழும் உண்டு. ஆனால் வீடியோவில் பேசுகிறவரைப் பார்த்து 'இது என் வகுப்பில் எடுபடவில்லையே' என்று சொன்னால் யார் பதில் சொல்வார்? கடைசித் தேதி நெருங்கும்போது வீடியோவை ஓடவிட்டு வினாடி வினாவுக்குப் போவதை நிறையப் பள்ளிகளில் பார்க்கலாம். அடிப்படையை ஒருமுறை தெரிந்துகொள்ள திக்ஷா நல்லது. சக ஆசிரியருக்கு அது மாற்று ஆகாது.

சேர்ந்து வினாத்தாள் தயாரிப்பது என்றால் இந்த மூன்றுமே சரிவராது. கூகுள் டாக்ஸ்தான். ஒருவர் திருத்தியதை மற்றவர் அங்கேயே பார்க்கலாம், பழைய வடிவத்துக்குத் திரும்பவும் முடியும். இங்கே நம் ஊருக்கே உரிய ஒரு தொல்லை இருக்கிறது. 2010-லேயே தமிழக அரசு ஒருங்குறியை (யூனிகோடு) ஏற்றுக்கொண்டும், பள்ளிக் கணினிகளில் இன்னும் பாமினி, வானவில் என்ற பழைய எழுத்துருக்களில் தட்டச்சு நடக்கிறது. அந்தக் கோப்பைப் போனில் திறந்தால் புரியாத ஆங்கில எழுத்துகள்தான் வரும். அதனால் பிடிஎஃப் ஆக்கி அனுப்புகிறோம். பிடிஎஃபை அடுத்தவரால் எளிதில் திருத்த முடியாது. கூட்டு வேலை அதோடு நின்றுவிடுகிறது. செயலியை மாற்றுவதற்கு முன்னால் எழுத்துருவை மாற்றுங்கள்.

எனவே அன்றாடப் பேச்சுக்கு ஒரு சின்ன வாட்ஸ்அப் குரூப், அதில் தேறியதைச் சேர்த்து வைக்க ஒரு டெலிகிராம் குரூப் என இரண்டையும் வைத்துக்கொள்வதுதான் என் பரிந்துரை. இரண்டிலும் அதிகாரிகள் வேண்டாம். நல்ல பதிலை இங்கிருந்து எடுத்து அங்கே உரிய தலைப்பில் போடும் வேலையை மாதம் ஒருவராக மாற்றிக்கொள்ளுங்கள். ஒரே ஆள் தலையில் கட்டினால், அவர் மாறுதலாகிப் போனதும் அந்தச் சேகரிப்பும் நின்றுவிடும்.