செபி அறிக்கையா, பஞ்சாயத்து உரிமமா?

பாலக்காட்டின் கிழக்கு ஓரத்தில், கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம், மீனாட்சிபுரம் பக்கம் தமிழ் பேசும் விவசாயிக்கு ஒரு தொழிற்சாலையைப் பற்றிய கவலை ஒன்றுதான்: கிணற்று நீர். அந்தக் கவலைக்கு எந்த அரசு ஏற்பாடு பதில் தருகிறது?

பங்குச் சந்தையை ஒழுங்குபடுத்தும் செபியின் ஏற்பாடு பெரியது. 2022-23 முதல், பங்குச் சந்தையில் பட்டியலிட்டவற்றில் சந்தை மதிப்பில் முதல் 1,000 நிறுவனங்கள், பிஆர்எஸ்ஆர் என்ற சமூக, சுற்றுச்சூழல் பொறுப்பு அறிக்கையைத் தந்தாக வேண்டும். மின்சாரம், புகை, கழிவு, எடுத்த நீர் எல்லாமே எண்களாக வரும். ஆனால் தண்ணீர்க் கணக்கு நிறுவனம் முழுவதற்கும் ஒரே தொகை. நீர்த் தட்டுப்பாடுள்ள பகுதியில் ஒவ்வோர் ஆலையும் எவ்வளவு எடுத்தது என்ற கேள்வியும் படிவத்தில் உண்டு. அதை விரும்பினால் நிரப்பலாம்! நிலத்தடி நீர் பல ஆண்டுகளாகச் சிக்கலில் இருக்கும் சித்தூர் ஒன்றியத்துக்கு (ஆந்திரச் சித்தூர் அல்ல) தேவைப்படுவது அந்த ஒரு வரிதான்.

அதே ஒன்றியத்தின் பிளாச்சிமடா கிராமத்தை வைத்துப் பார்க்கலாம். 2000-ல் தொடங்கிய கோக-கோலா ஆலை தன் கசடை உரம் என்று விவசாயிகளுக்குக் கொடுத்தது. 2003-ல் பிபிசி வானொலி சோதிக்கச் செய்தபோது அதில் காட்மியமும் ஈயமும் இருந்தன. இன்றைய பிஆர்எஸ்ஆர் படிவத்தில் அந்தக் கசடு எங்கே போயிருக்கும்? 'மறுபயன்பாடு' என்ற கட்டத்தில், பெருமைக்குரிய எண்ணாக! அதுவும் நிரப்பியிருந்தால்தான், ஆலையை நடத்திய கோக-கோலாவின் இந்தியக் கிளை நிறுவனம் இந்தியப் பங்குச் சந்தையிலேயே இல்லை.

அந்த ஆலையைத் தடுத்தது, பிளாச்சிமடா அடங்கிய பெருமாட்டி பஞ்சாயத்து. 2002-ல் மயிலம்மா போன்ற பழங்குடிப் பெண்கள் போராட்டத்தில் இறங்கினார்கள். 2003-ல் பஞ்சாயத்து உரிமத்தைப் புதுப்பிக்க மறுத்தது. 2004 மார்ச்சில் ஆலை நின்றது. இந்த வழியிலும் ஓட்டை உண்டு. பஞ்சாயத்திடம் அளவுகோல் இல்லை, கிணறு கெட்ட பிறகுதான் தெரிய வருகிறது. 2005-ல் கேரள உயர் நீதிமன்ற அமர்வு, தினம் 5 லட்சம் லிட்டர் எடுக்கலாம் என்றே சொன்னது. 2010-ல் உயர்மட்டக் குழு கணக்கிட்ட 216 கோடி ரூபாய் சேதத்துக்கு இழப்பீடு பெற, சட்டமன்றம் 2011-ல் மசோதாவே நிறைவேற்றியது. குடியரசுத் தலைவரின் ஒப்புதல் கிடைக்கவில்லை.

விளம்பரங்களுக்கு 2024 அக்டோபரில் நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் விதி கொண்டுவந்தது. 'இயற்கையானது', 'பசுமையானது' என்று பொருளின் மேல் எழுதினால் ஆதாரம் காட்ட வேண்டும். நல்லதுதான், கிணற்றுக்கு இதனால் ஒன்றுமில்லை.

அரசின் பெரிய திட்டங்களோ கார்பனைச் சுற்றியே நிற்கின்றன: நிகரக் கார்பன் வெளியேற்றத்தைப் பூஜ்யமாக்க இந்தியாவுக்கு இலக்கு 2070, கேரளத்துக்கு 2050. திட்டம் எதைக் கேட்கிறதோ அதில்தான் நிறுவனத்தின் அறிக்கையும் மினுங்கும். சூரியத் தகடுகளின் படம் முதல் பக்கத்தில் வரும். ஆழ்துளைக் கிணற்றின் ஆழம் எங்கும் வராது.

என் ஓட்டு பஞ்சாயத்து உரிமத்துக்குத்தான், ஒரு நிபந்தனையோடு. செபி படிவத்தின் அந்த விருப்ப வரியைக் கட்டாயமாக்கி, பட்டியலிடப்படாத நிறுவனங்களையும் சேர்த்து, அதன் நகலை உரிமம் புதுப்பிக்கும்போது பஞ்சாயத்து மேசையில் வைக்கச் சொல்ல வேண்டும்.