பாட்டரி யாருடையது? கம்பியில்லா டயர் இன்ஃப்ளேட்டர் வாங்குமுன் ஓர் அலசல்

விடிவதற்கு முன்னால் கிளம்ப வேண்டிய நாள். வெளியே வந்து பார்த்தால் காரின் பின்பக்க இடது டயர் தரையோடு சப்பிக்கொண்டு நிற்கிறது. டிக்கியில் டயருக்குக் காற்றடிக்கும் கருவி, கைக்கு அடக்கமான கம்பியில்லா இன்ஃப்ளேட்டர் ஒன்று இருந்தது. வால்வில் மாட்டியதும் காற்றழுத்தம் 14 பிஎஸ்ஐ என்று காட்டியது. 33 என்று வைத்துப் பொத்தானை அமுக்கினேன். 20 வரை நன்றாக ஏறியது. அப்புறம் சத்தம் கனத்தது, மோட்டார் இழுத்து இழுத்து ஓடியது, 23-ல் திரை அணைந்துவிட்டது. கருவியில் பழுது எதுவும் இல்லை. ஏழெட்டு மாதமாக, ஒரு கோடை முழுவதும் சேர்த்து, அது டிக்கியிலேயே கிடந்திருந்தது. கடைசியாக எப்போது சார்ஜ் போட்டோம் என்று வீட்டில் யாருக்கும் நினைவில்லை.

அன்றிலிருந்து, எந்த இன்ஃப்ளேட்டர் வாங்கலாம் என்று யார் கேட்டாலும் நான் முதலில் திருப்பிக் கேட்பது இதைத்தான்: அதற்குக் கரண்ட் எங்கிருந்து வரப்போகிறது? தனக்குள்ளேயே பாட்டரி வைத்திருப்பது ஒரு வகை. டிரில் மெஷினின் பாட்டரியைக் கழற்றி மாட்டிக்கொள்வது இன்னொரு வகை. காரின் 12 வோல்ட் சாக்கெட்டில் ஒயரைச் செருகி ஓட்டுவது மூன்றாவது. மூன்றாவதைக் கம்பியில்லாதது என்று சொல்ல முடியாது. ஆனால் மற்ற இரண்டும் போட்டி போடுவது அதோடுதான் என்பதால் அதை விட்டுவிட்டு ஒப்பிடுவதில் அர்த்தமில்லை.

பெட்டி மேல் இருக்கும் 150

கடைக்குப் போனால் முதலில் கண்ணில் படுவது '150 பிஎஸ்ஐ' என்ற பெரிய எழுத்து. பாஷ் ஈஸிபம்ப் பெட்டியிலும் 150தான், ஷாவ்மியின் முதல் மாடலிலும் 150தான், மில்வாக்கியின் எம்18 இன்ஃப்ளேட்டரிலும் 150தான். ஆனால் முதலாவதன் பாட்டரி 3.6 வோல்ட், 3 ஆம்பியர் அவர். இரண்டையும் பெருக்கினால் 10.8 வாட் அவர், அதாவது பாட்டரியில் மொத்தம் அடங்கும் சக்தி. ஷாவ்மியில் 7.4 வோல்ட், 2000 எம்ஏஎச் (2 ஆம்பியர் அவர்), அதாவது 14.8 வாட் அவர். மில்வாக்கியில் 18 வோல்ட், 5 ஆம்பியர் அவர் பாட்டரியை மாட்டினால் 90 வாட் அவர். மூன்றுக்கும் ஒரே எண். உள்ளே இருக்கும் சக்தியிலோ எட்டு மடங்கு வித்தியாசம்.

பிஎஸ்ஐ என்பது அழுத்தம் மட்டும்தான். டயருக்குள் எவ்வளவு காற்று போக வேண்டும் என்பதை அது சொல்லாது. ஒல்லியான ரேஸ் சைக்கிள் டயருக்குள் இருக்கும் இடம் கிட்டத்தட்ட 1 லிட்டர். அதை 100 பிஎஸ்ஐ-க்கு ஏற்ற, வெளியிலிருந்து 7 லிட்டர் காற்று போதும். நடுத்தரக் கார் டயருக்குள் சுமார் 30 லிட்டர் இடம் இருக்கிறது. காற்று அடியோடு இறங்கிய அப்படியொரு டயரை 33-க்குக் கொண்டுவர 65 லிட்டருக்கும் மேல் வேண்டும். 33 என்பது 100-ல் மூன்றில் ஒரு பங்கு, ஆனால் மெஷின் தள்ள வேண்டிய காற்று ஒன்பது மடங்கு. ஸ்கூட்டர் டயர் 5, 6 லிட்டர் இடம் கொண்டது, பைக் டயர் அதைவிடக் கொஞ்சம் பெரியது. இரண்டு சக்கர வண்டிக்கு அருமையாக வேலை செய்யும் ஒரு கருவி காரில் திணறுவதற்கு இதுதான் காரணம்.

ஆகவே பெட்டியைத் திருப்பிப் பின்பக்கம் பாருங்கள். நிமிடத்துக்கு எத்தனை லிட்டர் காற்று, பாட்டரி எத்தனை வாட் அவர் என்ற இரண்டு எண்கள்தான் வேண்டும். கைக்கு அடக்கமானவை பெரும்பாலும் 10 முதல் 20 லிட்டர் என்று போட்டிருக்கும். அதுகூட எதிர்ப்பே இல்லாத வெற்று வெளியில் அளந்தது. டயரில் அழுத்தம் ஏற ஏற அது குறையும். வாட் அவர் போடாமல் எம்ஏஎச் மட்டும் போட்டிருந்தால் வோல்ட் எவ்வளவு என்று கேளுங்கள். அதே இரண்டு பாட்டரி செல்களை 7.4 வோல்ட்டில் 2000 என்றும் எழுதலாம், 3.7 வோல்ட்டில் 4000 என்றும் எழுதலாம்.

உள்ளேயே பாட்டரி உள்ளது

வீட்டில் சைக்கிள், ஸ்கூட்டர், பைக், குழந்தைகளின் பந்து என்று இருந்தால் இதற்கு மேல் எதுவும் வேண்டாம். இரண்டு சக்கர வண்டிகளில் பெரும்பாலானவற்றில் 12 வோல்ட் சாக்கெட் கிடையாது. அந்த இடத்தில் இதற்குப் போட்டியே இல்லை. அரைக் கிலோ சுற்றில்தான் எடை. எண்ணை வைத்துவிட்டால் தானாக நின்றுவிடும். இருட்டில் வால்வைத் தேட ஒரு விளக்கும் இருக்கும். பந்துக்கு இது மிகவும் வசதி. கூடைப்பந்துக்கு 7, 8 பிஎஸ்ஐ, கால்பந்துக்கு விதிப்படி 8.5 முதல் 15.6 வரை. கைப்பம்பில் அடித்து அமுக்கிப் பார்த்துக் குத்துமதிப்பாக நிறுத்தும் வேலை இனி இல்லை.

காருக்கு? மாதம் ஒருமுறை நான்கு டயரிலும் குறைந்திருக்கும் 2, 3 பிஎஸ்ஐ-யை ஏற்ற தாராளமாகப் போதும். அடியோடு இறங்கிய டயர் ஒன்றை முழுதாக ஏற்றினால், சின்ன மாடல்களில் சார்ஜின் பெரும்பகுதி அதற்கே போய்விடும். அதோடு சூடும் உண்டு. காற்றை அமுக்கினால் அது சுடும், சின்ன சிலிண்டரில் இன்னும் வேகமாகச் சுடும். ஐந்து நிமிடம் தொடர்ந்து ஓடிய பிறகு வால்வில் திருகியிருக்கும் பித்தளை முனையை வெறும் விரலால் தொட்டுவிடாதீர்கள். துணியை வைத்துத்தான் கழற்ற வேண்டும். எத்தனை நிமிடம் ஓட்டலாம், எத்தனை நிமிடம் ஆறவிட வேண்டும் என்று கையேட்டில் இருக்கும். அதை மீறி ஓட்டினால் முதலில் கெடுவது பிஸ்டனின் சீல்தான்.

இந்த வகையின் உண்மையான பலவீனம், அது வாழும் இடம். காரில் வைக்கத்தான் வாங்குகிறோம். ஆனால் வெயிலில் நிறுத்திய காருக்குள் வெப்பம் 60 டிகிரியை எட்டக்கூடும். லித்தியம் பாட்டரிக்குப் பிடிக்காத இடம் அது. முழு சார்ஜோடு அங்கே கிடந்தால் இன்னும் சீக்கிரம் கிழடாகும். வீட்டில், நிழலில், பாதிக்குச் சற்று மேல் சார்ஜோடு வைத்திருந்து, நீண்ட பயணத்துக்கு முன்னால் முழு சார்ஜ் போட்டு எடுத்துப்போவதே சரி. இதற்கு ஒழுங்கு வேண்டும். அந்த ஒழுங்கு எங்கள் வீட்டில் இல்லாததால்தான் அன்றைக்கு 23-ல் நின்றது.

செல்போனுக்கும் சார்ஜ் ஏற்றலாம் என்ற வசதி சிலவற்றில் உண்டு. அதைப் பயன்படுத்த வேண்டாம் என்பதே என் கருத்து. போனுக்குக் கொடுத்த கரண்ட் டயருக்குத் திரும்பாது.

டிரில் பாட்டரியில் ஓடுவது

வீட்டில் ஏற்கெனவே 18 வோல்ட் டிரில்லோ கட்டரோ இருந்தால், அதே கம்பெனியின் இன்ஃப்ளேட்டரைப் பாட்டரி இல்லாத வெறும் மெஷினாக வாங்குவது புத்திசாலித்தனம். மக்கிட்டாவில் டிஎம்பி180, டிவால்ட்டில் டிசிசி020ஐ, மில்வாக்கியில் எம்12, எம்18 (12, 18 வோல்ட்) வரிசை இரண்டிலும் என்று பெரிய கம்பெனிகள் பலவற்றிலும் உண்டு. 4 ஆம்பியர் அவர் பாட்டரி ஒன்று 72 வாட் அவர். கைக்கு அடக்கமானதைப்போல ஐந்து மடங்கு. நான்கு கார் டயரை வரிசையாக அடித்தாலும் அசராது. இன்னொன்றும் முக்கியம். இந்தப் பாட்டரி வேறு வேலைக்கும் பயன்படுவதால் அடிக்கடி கைக்கு வரும், அடிக்கடி சார்ஜ் ஏறும், மறந்து கிடக்காது. பழசானால் பாட்டரியை மட்டும் மாற்றிக்கொள்ளலாம். முதல் வகையில் உள்ளே இருக்கும் பாட்டரி கெட்டால் பெரும்பாலும் மெஷினே போனது மாதிரிதான்.

மக்கிட்டாவின் உச்ச அழுத்தம் 121 பிஎஸ்ஐ என்று இருப்பதைப் பார்த்து, 150 போட்ட சின்னதைவிட இது மட்டம் என்று சிலர் ஒதுக்குவதைப் பார்த்திருக்கிறேன். 33 பிஎஸ்ஐ கேட்கும் டயருக்கு 121 எதற்குக் குறைச்சல்? அந்த டயரை எவ்வளவு நேரத்தில், எவ்வளவு அலட்டாமல் ஏற்றுகிறது என்பதல்லவா கேள்வி.

குறை என்னவென்றால் அளவும் எடையும். பாட்டரியோடு சேர்த்தால் ஸ்கூட்டர் சீட்டுக்கு அடியில் அடங்காது. டிரில் எதுவும் இல்லாதவர் இதற்காகப் பாட்டரியும் சார்ஜரும் சேர்த்து வாங்கினால் செலவு எகிறிவிடும், அதற்கு நான் ஆதரவு சொல்ல மாட்டேன். காற்று மெத்தை ஊத வேண்டும் என்றால் மட்டும் கதை வேறு. மெத்தைக்கு அழுத்தம் சொற்பம், காற்று ஏராளம். டயருக்கான சின்ன குழாயில் அதை ஊதினால் விடிந்துவிடும். டிவால்ட் மாடல் போல அதற்கென்று தனியாகப் பெரிய வாய் உள்ள மெஷின் வேண்டும்.

காரின் 12 வோல்ட்டில் ஓடுவது

பார்க்கப் பழைய சரக்கு மாதிரி இருக்கும். ஆனால் மறதிக்கு இதுதான் மருந்து. ஆண்டுக்கணக்கில் டிக்கியில் கிடந்தாலும் உள்ளே வீணாகப்போக பாட்டரி கிடையாது. 45 ஆம்பியர் அவர் கார் பாட்டரியில் 500 வாட் அவருக்கு மேல் இருக்கிறது. சாதாரண ஒற்றை சிலிண்டர் மெஷின் சுமார் 10 ஆம்பியர் இழுக்கும், ஐந்து நிமிடத்துக்கு 10 வாட் அவர் செலவு, அவ்வளவுதான். எஞ்சினை ஓடவிட்டு அடிப்பது நல்லது, ஆனால் திறந்த வெளியில் மட்டும். மூடிய கராஜில் எஞ்சினை ஓடவிட்டால் புகை ஆளையே கொன்றுவிடும்.

வாங்கும்போது ஒயரின் நீளத்தைப் பாருங்கள். சாக்கெட் முன்னால் இருக்கும், இறங்குவது பின்டயர். அங்கே எட்டவில்லை என்றால் எவ்வளவு நல்ல மெஷினானாலும் பயனில்லை. அப்புறம், பெரிய இரட்டை சிலிண்டர் மெஷின்களை சாக்கெட்டில் செருகக் கூடாது. சாக்கெட்டின் ஃபியூஸ் வழக்கமாக 10 முதல் 20 ஆம்பியர்தான் தாங்கும். அதற்கு மேல் இழுப்பவை நேரடியாக பாட்டரியில் கிளிப் போட்டு ஓட்டுவதற்கானவை. பெரிய டயர் ஜீப், சரக்கு வேன் வைத்திருப்பவருக்கு அதுதான் சரி.

எதையும் வாங்குமுன் டிக்கியின் தரையைத் தூக்கிப் பாருங்கள். ஸ்டெப்னி கொடுக்காத கார்களில் பலவற்றில் அங்கே டயர் ஓட்டையை அடைக்கும் சீலன்ட் பாட்டில் ஒன்றும் 12 வோல்ட் கம்ப்ரஸரும் கம்பெனியே வைத்திருக்கும். தெரியாமலே ஆண்டுக்கணக்கில் அதன்மேல் பெட்டி ஏற்றிக்கொண்டு போகிறவர்கள் இருக்கிறார்கள். ஸ்டெப்னி இருந்தாலும் அதையும் அளந்து பாருங்கள். ஒல்லியான தற்காலிக ஸ்டெப்னி என்றால் அது கேட்பது 60 பிஎஸ்ஐ, மற்ற டயரைப்போல 33 இல்லை. (வேல்ஸில் லனெத்லி என்ற ஊரின் ஸ்டெப்னி தெருவில் 1904-ல் உருவான மாற்றுச் சக்கரத்திலிருந்து வந்த பெயர் அது. தெருவின் பெயர் நம் வாயில் சக்கரமாகிவிட்டது.)

வால்வும் அளவும்

மூன்று வகைக்கும் பொதுவான சங்கதி இது. காருக்கும் பைக்குக்கும் ஒரே மாதிரி வால்வு, அதில் பிரச்சினை இல்லை. ஒல்லி வால்வு உள்ள ரேஸ் சைக்கிளுக்கு அடாப்டர் வேண்டும். பழைய சைக்கிள்களில் ரப்பர் வால்வு டியூப் போட்ட டன்லப் வால்வு இருக்கும். அதில் உள்ளே இருக்கும் காற்று வெளியே எட்டிப்பார்க்க முடியாது. மெஷின் திரையில் தெரிவது குழாயின் அழுத்தம்தான், டயருடையது இல்லை. அங்கே எண்ணை நம்பாமல் டயரைக் கட்டைவிரலால் அமுக்கிப் பார்க்க வேண்டும்.

கார் டயரில் ஓடும்போது காட்டும் எண்ணும், நின்றபிறகு காட்டும் எண்ணும் ஒன்றாக இருக்காது. காற்றைத் தள்ளும்போது சற்றுக் கூடுதலாகக் காட்டி, நின்றதும் 1 பிஎஸ்ஐ இறங்கும். அழுத்தம் அளக்கும் கேஜ் ஒன்றைத் தனியாக வைத்திருந்து முதல் சில தடவை ஒப்பிட்டுக்கொண்டால் உங்கள் மெஷின் எவ்வளவு தள்ளிக் காட்டுகிறது என்று பிடிபட்டுவிடும். திருகு முனையைக் கழற்றும்போது புஸ்ஸென்று போகும் காற்று கார் டயருக்குக் கணக்கே இல்லை. 1 லிட்டர் சைக்கிள் டயருக்கு அது உறைக்கும், ஆகவே இரண்டு மூன்று பிஎஸ்ஐ கூட்டி அடியுங்கள்.

எவ்வளவு அடிப்பது என்பதற்கு ஓட்டுநர் கதவைத் திறந்தால் தூணில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரைப் பாருங்கள். டயரின் பக்கவாட்டில் பொறித்திருப்பது அது தாங்கும் உச்சம், அடிக்க வேண்டிய அளவு இல்லை. வண்டி மூன்று மணி நேரமாவது நின்று ஆறியிருக்க வேண்டும். ஓடிவந்த சூட்டில் அளந்தால் 4, 5 பிஎஸ்ஐ கூடுதலாகக் காட்டி ஏமாற்றும்.

இந்த மூன்றில் எதனாலும் ஆகாத வேலை ஒன்று உண்டு. டியூப்லெஸ் டயர் ரிம்மை விட்டு விலகிவிட்டால், அதைத் திரும்ப உட்கார வைக்க ஒரே வீச்சில் நிறைய காற்று வேண்டும். கடையின் பெரிய டேங்க்தான் வழி. ஆணி குத்தியிருந்தால் அதைப் பிடுங்காமல் அப்படியே காற்றடித்து மெதுவாகக் கடைக்குப் போங்கள்.

என் தேர்வு

இரண்டு சக்கர வண்டி மட்டும் உள்ள வீட்டுக்கு, தனக்குள்ளேயே பாட்டரி வைத்திருக்கும் வகை. 18 வோல்ட் டூல் இருக்கும் வீட்டுக்கு அதன் துணை மெஷின். கார் உள்ளவர் எதை வாங்கினாலும், சாதாரண 12 வோல்ட் மெஷின் ஒன்றை டிக்கியில் போட்டுவைக்கட்டும். ஒன்றே ஒன்றுதான் வாங்குவேன் என்பவருக்கு, பாட்டரியிலும் ஓடி, அது தீர்ந்தால் 12 வோல்ட் ஒயரிலும் ஓடும் மாடல். டிவால்ட் டிசிசி020ஐ அப்படித்தான். சின்ன மெஷின்களிலும் அந்த மாதிரி உண்டு. ஆனால் அந்த ஒயர் மெஷினை நேரடியாக ஓட்டுமா, வெறும் சார்ஜ்தான் ஏற்றுமா என்று கடையிலேயே கேட்டுத் தெளிவுபடுத்திக்கொள்ளுங்கள்.

வாங்கிய வாரமே, திருப்பிக் கொடுக்கும் காலம் முடிவதற்குள், ஒரு சோதனை செய்யுங்கள். முழு சார்ஜ் போட்டு, ஒரு கார் டயரை 15-க்கு இறக்கி, திரும்ப 33-க்கு ஏற்றுங்கள். எத்தனை நிமிடம் ஆனது, சார்ஜ் எத்தனை கட்டம் இறங்கியது, குழாய் எவ்வளவு சுட்டது என்று பாருங்கள். அந்த நிமிடக் கணக்கையும் உங்கள் வண்டிகளின் பிஎஸ்ஐ அளவுகளையும் ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதி மெஷின் பையிலேயே போட்டுவையுங்கள்.